பக்கவாதம் வந்தவருக்கு மாற்றுத்திறனாளிச் சான்று: எங்கே கோட்டை விடுகிறோம்

பக்கத்துத் தெருக் கொத்தனார் அண்ணனுக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. ஏழு மாதம் கழித்து மாற்றுத்திறனாளி முகாமுக்குப் போனார். நாலு பேர் பார்க்கிற இடமாயிற்றே என்று சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு டாக்டர் முன்னால் பத்தடி நடந்து காட்டினார். ஊனத்தின் அளவு 40 சதவீதம் தேறவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். முந்தின வாரம்தான் கழிப்பறையில் விழுந்து நெற்றியில் தையல் போட்டிருந்தது. அதை அங்கே யாரும் கேட்கவில்லை, வீட்டாரும் சொல்லவில்லை.

40 இல்லையென்றால் உதவித்தொகை இல்லை. கூட்டிச் சொல்லாதீர்கள், மறைக்கவும் மறைக்காதீர்கள். சட்டைப் பொத்தானை யார் போட்டுவிடுகிறார்கள், சோற்றை எந்தக் கையால் பிசைகிறார், உட்கார்ந்தால் தானாக எழ முடிகிறதா, ராத்திரி கழிப்பறைக்கு யார் பிடித்துக்கொண்டு போகிறார்கள், எந்தெந்தத் தேதியில் விழுந்தார் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். தையல் போட்ட சீட்டும் கையில் இருக்கட்டும். தினமும் குளிப்பாட்டிவிடுகிறவரே கூடப் போக வேண்டும். ஊரிலிருந்து வந்த மைத்துனருக்கு இதெல்லாம் தெரியாது.

வாதம் வந்து 6 மாதம் ஆன பிறகுதான் பொதுவாக மதிப்பிடுவார்கள். மூன்றாம் மாதமே ஆட்டோவுக்குக் காசைக் கொட்டாதீர்கள். அந்த நாட்களில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். தனியார் டாக்டரின் கடிதம் சான்று ஆகாது. ஆனாலும் டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் இல்லாமல் போகாதீர்கள். யுடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை விண்ணப்பத்தில் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். ஓர் எழுத்து மாறினாலும் அலைய விடுவார்கள்.

சான்று கைக்கு வந்தபின் பலர் தவறான வாசலில் நிற்கிறார்கள். 75 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்: 2023இல் உயர்த்தியபடி மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை. 40 அல்லது அதற்கு மேல், 75க்குக் கீழ் என்றால் தாலுகா ஆபீஸ். வருவாய்த் துறை ஓய்வூதியம், அதே ஆண்டு உயர்த்தியபடி 1,500. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. தற்காலிகச் சான்று என்றால் முடியும் தேதியை இன்றே குறித்து வையுங்கள். அவர்கள் கூப்பிட்டு நினைவூட்ட மாட்டார்கள்.

கொத்தனார் அண்ணனுக்கு “தகுதியில்லை” என்பதை வாயாலேயே சொல்லி அனுப்பினார்கள். அங்கேயே நின்று காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். காரணம் எழுதிய தாள் கையில் இருந்தால்தான் மனு நிற்கும்.