தாத்தாவைப் புதைத்த தோட்டத்துக்கு இரண்டு பெயர்கள்

குடும்ப ஆவணங்களைத் தேடிக் கொடுப்பது என் தொழில். கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர்ப் பக்கங்களிலிருந்து என்னிடம் வருகிறவர்கள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இறந்துபோன தாத்தாவையோ பாட்டியையோ எந்த இடத்தில் புதைத்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியுமா என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். அவர்கள் கையில் மங்கிய புகைப்படம் ஒன்றும், இறந்தவரின் பெயரும், ‘கண்டிச்சீமை’ என்ற ஒற்றைச் சொல்லும் இருக்கும். தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களில், இலங்கையின் மலைநாட்டுத் தோட்டப் பகுதியான மலையகம் முழுவதையுமே கண்டிச்சீமை என்று சொல்லி வந்ததால், பதுளையில் இறந்தவரும் ஹட்டனில் இறந்தவரும் குடும்ப நினைவில் கண்டியில் இறந்தவர்களாகிவிடுகிறார்கள். இதை அப்படியே நம்பிக் கண்டி மாவட்டத்து ஏடுகளில் தேடச் சொல்லிப் பணம் கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளவும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கவும் வகை செய்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இந்தக் கணக்கில் சொன்ன அத்தனை பேரும் வந்து சேரவில்லை என்றாலும், தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கிய குடும்பங்கள் ஏராளம். ‘தாயகம் திரும்பியோர்’ என்று அரசு பெயரிட்ட அவர்கள் தகரப் பெட்டியையும் பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள், புதைமேடுகளை விட்டுவிட்டு வந்தார்கள். 1980-களில் போர்ச் சூழலில் கப்பலும் நின்றுவிட்டதால், திரும்பிப் போய் ஒருமுறை சூடம் கொளுத்தும் வாய்ப்புகூடப் பலருக்குக் கிட்டவில்லை. இன்று தேடி வருகிறவர்கள் பேரப்பிள்ளைகள். அவர்கள் அந்த மலையைப் பார்த்ததே இல்லை.

அவர்களிடம் நான் முதலில் சொல்வது, இறந்தவரின் பெயரைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுத் தோட்டத்தின் பெயரைத் தேடுங்கள் என்பதுதான். ஒரே லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) மூன்று கருப்பாயியும் நான்கு ராமசாமியும் இருந்த காலம் அது; போதாததற்குத் தோட்டத்துக் கிளாக்கர் தம் காதில் விழுந்தபடி அந்தப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதினார். தோட்டத்தின் பெயரோ இரண்டு உருவங்களில் வாழ்கிறது. அஞ்சலிலும் கணக்கேடுகளிலும் வழங்கியது துரைமார் வைத்த ஆங்கிலப் பெயர். லயங்களில் வழங்கியது தமிழ்ப் பெயர். பல தோட்டங்களில் அதற்கும் ஆங்கிலப் பெயருக்கும் ஒலியிலோ பொருளிலோ எந்த உறவும் இருக்காது. பாட்டி வாய்க்கு வாய் சொல்லும் பெயர் எந்த வரைபடத்திலும் அகப்படாததற்குக் காரணம் இதுவே. ‘பாட்டிக்கு ஞாபகம் பிசகிவிட்டது’ என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகிறார்கள். என் அனுபவத்தில் பிசகியது பாட்டியின் ஞாபகமாக இருந்தது மிக அரிது.

ஆங்கிலப் பெயரைப் பிடிக்க எளிய வழி, நாடு திரும்பியபோது கொடுத்த கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும்தான். சலுகைகளுக்காக அவற்றைப் பத்திரப்படுத்தியவர்கள் அதில் இருக்கும் தோட்ட முகவரியைப் படித்துப் பார்ப்பதே இல்லை. தோட்டத்தின் பெயரை அடுத்து வரும் அஞ்சல் ஊரின் பெயர் இன்னும் முக்கியமானது, ஏனெனில் எழுத்துப்பிழையால் தோட்டத்தின் பெயர் உருமாறியிருந்தாலும் அஞ்சல் ஊர் தேட வேண்டிய பரப்பைச் சில மைல்களுக்குள் சுருக்கிவிடும். தோட்டங்கள் 1970-களில் அரசுடைமையாகி, 1992 முதல் தனியார் நிறுவனங்களின் நிர்வாகத்துக்குச் சென்றதில், சிறு தோட்டங்கள் பக்கத்துத் தோட்டத்தோடு இணைந்து வெறும் டிவிசனாக, அதாவது அதன் ஒரு பிரிவாக, மாறியிருக்கக்கூடும் என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

அடுத்தது ஆண்டு. இறப்புப் பதிவின் எண் தெரியாவிட்டால் ஏடுகளைப் புரட்டித்தான் தேட வேண்டும் என்பதால், இறந்த ஆண்டை ஒன்றிரண்டு வருடத்துக்குள் சொல்ல முடிந்தால்தான் இலங்கையின் பிரதேச செயலகத்தில் (வட்டார அரசு அலுவலகத்தில்) கொடுக்கும் விண்ணப்பத்துக்குப் பயன் கிடைக்கும். வயதானவர்களிடம் ‘எந்த வருஷம்?’ என்று கேட்டால் பதில் வராது. ‘அப்போது உங்கள் வயிற்றில் யார் இருந்தது?’ என்று கேட்டால் உடனே வரும். கோத்தகிரி அருகே எண்பது வயதைக் கடந்த ஓர் அம்மா, ‘மூத்தவன் நெறமாசம், காமன் ஊனியிருந்துச்சு, அப்பதான் எங்கப்பா செத்தாரு’ என்றார். மூத்த மகனின் பிறப்புச் சான்றிதழில் 1968 ஏப்ரல் என்று இருந்தது. மலையகத் தோட்டங்களில் காமன் கம்பம் ஊன்றித் தொடங்கும் காமன் கூத்து மாசி, பங்குனியில் நடப்பது. ஆக, ஒரு கேள்வியிலேயே 1968 பிப்ரவரி, மார்ச் என்று காலம் குறுகிவிட்டது. பஞ்சத்தில் இறந்தார் என்று சொன்னால் 1973, 1974-ஐ முதலில் பார்க்கலாம். உணவுத் தட்டுப்பாட்டால் தோட்டங்களில் மரணங்கள் கூடிய ஆண்டுகள் அவை. திதி மட்டும் தெரிந்தவர்களுக்குப் பழைய பஞ்சாங்கம் உதவும். ஆனால் துன்மதி, ரௌத்திரி என்று ஆண்டின் பெயரை மட்டும் எழுதி வைத்திருந்தால், அந்தப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதை மறக்கக்கூடாது. துன்மதி 1921-இலும் பிறந்தது, 1981-இலும் பிறந்தது.

இலங்கையின் இறப்புச் சான்றிதழில் மரணத்தின் காரணத்தோடு, புதைத்த அல்லது எரித்த இடத்தையும் குறிப்பிடக் கட்டம் உண்டு. நம் ஊர்ச் சான்றிதழில் அப்படி ஒன்று இல்லாததால், அதைக் கவனிக்க வேண்டும் என்றே பலருக்குத் தோன்றுவதில்லை. தகவல் கொடுத்தவர் யார் என்பதும் அதில் இருக்கும். தோட்டத்து மரணங்களைத் தோட்ட நிர்வாகத்தின் வழியாகப் பதிவு செய்யும் ஏற்பாடு இருந்ததால், உறவினர் நேரில் போய்ப் பதியவில்லை என்பதற்காகப் பதிவே இருக்காது என்று கைவிட வேண்டாம். சான்றிதழ் சிங்களத்தில் இருந்தால் மொழிபெயர்ப்பாளரிடம் முழுவதையும் படிக்கக் கொடுங்கள், பெயரும் தேதியும் மட்டும் போதும் என்று நின்றுவிடாதீர்கள். 1958-க்குப் பிறகு வேலையில் இருக்கும்போதே இறந்தவர் என்றால், ஊழியர் சேமலாப நிதியை (நம் ஊர் வருங்கால வைப்பு நிதி போன்றது) பெறுவதற்காகக் குடும்பம் அப்போதே ஒரு நகல் வாங்கியிருக்கக்கூடும். அது அந்தத் தகரப் பெட்டியின் அடியிலேயே கிடந்ததை இரண்டு வீடுகளில் கண்டிருக்கிறேன். கிறிஸ்தவக் குடும்பமானால் பங்குக் கோயிலின் அடக்கப் பதிவேட்டையும் கேட்க வேண்டும்.

ஆவணம் கிடைத்துவிட்டதாலேயே புதைகுழியும் கிடைத்துவிட்டது என்று ஆகாது. அந்தக் கட்டத்தில் ‘தோட்டத்து மயானம்’ என்று மட்டும் இருந்தால், மூன்று டிவிசன்களும் மூன்று மயானங்களும் உள்ள தோட்டத்தில் அது எதைக் குறிக்கிறது என்ற கேள்வி மிஞ்சும். பெரும்பாலான குழிகள் மண்மேடுகள். தலைமாட்டில் ஒரு கல், ஒரு குரோட்டன் செடி, அவ்வளவுதான். நிரம்பிப்போன மயானத்தின் மேல் தேயிலை நட்டிருப்பதும் உண்டு. இந்த இடத்தில்தான் ஏமாற்றும் நுழைகிறது. படத்தை அனுப்பினால் கல்லறையைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொன்ன இடைத்தரகர் ஒருவர், முன்பணம் வாங்கிக்கொண்டு வேறு யாருடைய மேட்டையோ படம்பிடித்து அனுப்பியதில், ஒரு குடும்பம் இரண்டு வருடம் அந்தப் படத்துக்கு மாலை போட்டது. படத்தில் இருந்தது சிமெண்டு பூசிய, சிலுவை உடைந்து போன ஒரு கல்லறை. இந்தக் குடும்பமோ முனியாண்டியைக் கும்பிடும் குடும்பம். அடையாள ஆவணங்களின் நகலை முன்பின் தெரியாதவருக்கு அனுப்புவதையும் நான் தடுக்கவே செய்வேன்.

கோத்தகிரி அம்மாவின் தேடலில் எங்களுக்கு வழிகாட்டியவர் அந்த டிவிசனின் மாரியம்மன் கோயில் தலைவர். (தோட்டத்தின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று குடும்பத்தினர் கேட்டுக்கொண்டார்கள்.) கோயில் கமிட்டியில் நான்கு தலைமுறைக் குடும்பங்களின் பெயர் பேசப்படும் என்பதால், தோட்ட அலுவலகத்தை விட அங்கே விசாரிப்பது பலன் தரும் என்பது என் கணிப்பு. எனினும் மயானத்துக்குள் போக அலுவலகத்தில் முறையாக அனுமதி வாங்கிக்கொண்டோம். தலைவர், 1968-இல் பயன்பாட்டில் இருந்தது ஓடைக்கு மேலே உள்ள பழைய மயானம் என்று உறுதியாகச் சொன்னார். மேட்டு லயத்துக்காரர்களை மேல் வரிசையிலும் பணிய லயத்துக்காரர்களை அதற்குக் கீழும் புதைத்ததாக இன்னொரு முதியவர் சொன்னார். அம்மாவின் மகள் மேல் வரிசையில் நின்று, ஊரில் இருந்த தாயை அலைபேசிக் காணொளியில் அழைத்தார்.

அம்மா வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, ‘தண்ணி சத்தம் எந்தப் பக்கம் கேக்குது?’ என்றார். வலப்பக்கம் என்று மகள் சொன்னார். ‘அப்ப நீ எதுத்த கரையில நிக்கிற. நாங்க தூக்கிட்டுப் போறப்ப சத்தம் இடது காதுல விழுந்துச்சு’ என்றார் அம்மா. ஓடையைக் கடந்து மறுகரைக்குப் போனபோது, தேயிலைச் செடிகளுக்கு நடுவே கல் நட்ட ஏழெட்டு மேடுகள் இருந்தன. அங்கேயும் ஒரு காலத்தில் புதைத்ததுண்டு என்பது தலைவருக்கே அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அந்த ஏழெட்டில் எது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. நான் எழுதிக்கொடுத்த அறிக்கையில் டிவிசனுக்கு நேரே ‘உறுதி’ என்றும், மயானத்துக்கு நேரே ‘பெரும்பாலும்’ என்றும், குழிக்கு நேரே ‘தெரியவில்லை’ என்றும் குறித்தேன். மகள் எல்லா மேட்டிலும் ஒவ்வொரு சூடம் ஏற்றினார்.