லேயருக்கு ஏடு போதும்

புவியியல் ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைப் புரட்டினேன். கணினி நிலப்படத்தை வகுப்பில் எப்படிக் கையாள்வது என்று பொறுமையாகச் சொல்லித்தரும் கையேடுதான். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் 'ஆறுகள் அடுக்கைத் திறக்கவும்', 'சாலைகள் அடுக்கை மேலே நகர்த்தவும்'. நிலப்படத்தில் ஆறு, சாலை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே வைக்கும் 'லேயர்' என்பதற்கு மொழிபெயர்ப்பாம். இந்த 'அடுக்கு' என் கண்ணில் படுவது இது எத்தனையாவது முறை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

'லேயர்' என்பது பரப்பி இடுதலைக் குறிக்கும் 'லே' என்ற ஆங்கில வினையிலிருந்து வந்தது. முதலில் கல் பரப்பும் ஆளைக் குறித்தது. பிறகு பரப்பப்பட்ட பொருளைக் குறித்தது. நிலப்படத்துறையில் அதற்குப் பின்னால் இருப்பது ஒளி ஊடுருவும் தாள். 1960களில் அமெரிக்காவில் இயன் மக்ஹார்க் என்ற நிலவடிவமைப்பாளர் மண், சரிவு, நீர்நிலை என்று ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நெடுஞ்சாலை எவ்வழியே போகலாம் என்று பார்த்தார். கியூஜிஐஎஸ் முதலிய நிலப்பட மென்பொருள்கள் இன்று திரையில் செய்வதும் அதைத்தான்.

அடுக்கு என்பது என்ன? அடுத்தடுத்து வைத்ததன் மொத்தம். தொல்காப்பியம் 'ஒருசொல் அடுக்கு' என்கிறது. 'பாம்பு பாம்பு' என்று அலறினால் அது அடுக்கு. அதில் ஒரு பாம்பை மட்டும் பிரித்து யாரும் அடுக்கு என்று சொல்வதில்லை. ஒற்றைத் தாளுக்குக் கட்டின் பெயரைச் சூட்டுவது என்ன நியாயம்? 'அடுக்குமாடியில் அடுக்கு என்றால் தளம்தானே' என்று கேட்பார்கள். அங்கேதான் பெரிய குழப்பமே. இதே மாணவர்கள் இதே பாடத்தில் கீழடுக்கு, இடையடுக்கு, வெப்ப அடுக்கு என்று வளிமண்டலத்தைப் படிக்கிறார்கள். அங்கே ஒன்று உண்மையாகவே மற்றொன்றுக்கு மேலே, கிலோமீட்டர் கணக்கில் உயரத்தில் இருக்கிறது. நிலப்படத்திலோ ஆறும் சாலையும் ஒரே தரையில் கிடக்கின்றன. பட்டியலில் மேலே இருப்பது கடைசியாக வரையப்படுகிறது, அவ்வளவே. 'சாலை அடுக்கு ஆற்று அடுக்குக்கு மேலே' என்று படிக்கும் பிள்ளை அங்கே பாலம் இருப்பதாக நினைத்தால், பிழை பிள்ளையுடையது அல்ல.

சிலர் 'படலம்' என்கிறார்கள். மேகப்படலம், கண்ணில் விழும் படலம் எல்லாம் மறைக்கிறவை. காட்டுவதற்காக வைக்கும் ஒன்றுக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

என் பரிந்துரை ஏடு. பனையோலை ஒளி ஊடுருவாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏட்டைத் தனியே உருவலாம், திரும்பச் செருகலாம், வரிசை மாற்றலாம். கோத்தால் சுவடி, மென்பொருளில் 'ப்ராஜெக்ட்' என்று சேமிப்பதற்கும் பெயர் கிடைத்துவிட்டது. அதைவிட முக்கியம், பதிவேடு, கணக்கேடு என்ற வழக்கு. ஜிஐஎஸ் எனப்படும் கணினி நிலப்பட முறையில், ஆறு, சாலை போன்றவற்றின் ஏடு வெறும் படமாக நிற்பதில்லை. ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் அட்டவணையில் ஒரு வரிசை இருக்கிறது. 'அடுக்கு' என்ற சொல்லில் இதற்கு இடமே இல்லை.

வகுப்பில் பலரும் காட்டும் எடுத்துக்காட்டையே பாருங்கள்: 1854, லண்டன் சோஹோ பகுதி, காலரா. மருத்துவர் ஜான் ஸ்நோவின் தரவைத் திறந்து முதலில் சாவேட்டை, அதாவது சாவுகளைப் புள்ளிகளாகக் காட்டும் ஏட்டை, மட்டும் காட்டுங்கள். புள்ளிகள் ஓரிடத்தில் மொய்த்து நிற்கும். ஏன் என்று தெரியாது. பிறகு அடிகுழாய் ஏட்டைச் சேருங்கள். பிராட் தெருக் குழாய் நடுவில் வந்து நிற்கும். ஏட்டைப் புரட்டுவது என்றால் இதுதான். (சாவேடு என்ற சொல் கொஞ்சம் அச்சமூட்டுகிறது. இறப்புப் பதிவேடு என்றே சொல்லுங்கள், அதுவும் பொருந்தும்.)

மொழிபெயர்ப்பவர்கள் மென்பொருளை ஒருமுறையாவது திறந்து பார்த்தார்களா என்பதே என் சந்தேகம். அகராதியில் முதலில் நிற்கும் பொருளை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். அதே கையேட்டில், ஓர் இடத்தைச் சுற்றி இத்தனை மீட்டர் என்று வரையும் 'பஃபர்' வட்டத்துக்கு, வேதியியலிலிருந்து 'தாங்கல்' என்ற சொல் இறங்கியிருக்கிறது. 'பள்ளியைச் சுற்றி 500 மீட்டர் தாங்கல் வரைக.' வேடந்தாங்கல் பக்கத்துப் பிள்ளைக்குத் தாங்கல் என்றால் ஏரி. அவன் பள்ளியைச் சுற்றி ஏரி வெட்டிவிட்டு வந்து நிற்பான்.