விக்டோரியா காலக் கிராமப் பள்ளிக்கூடம்: கூரை ஏன் அவ்வளவு உயரம்?

இங்கிலாந்தின் கிராமங்களில் தேவாலயத்தை ஒட்டி, செங்குத்தான கூரையும் கூர்வளைவுச் சன்னலும் சிறு மணிக்கூண்டுமாகப் பழைய பள்ளிக்கூடங்கள் நிற்கின்றன. விக்டோரியா ஆட்சியில் (1837–1901) திருச்சபை கட்டியவை. உள்ளே பெரும்பாலும் ஒரே நீண்ட கூடம்தான்.

அந்த ஒற்றைக் கூடத்துக்கு வேர் சென்னையில் இருக்கிறது. 1789இல் எழும்பூர் ஆண் அநாதைகள் விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, மூத்த மாணவர்களே இளையவர்களுக்குச் சொல்லித்தரும் சட்டாம்பிள்ளை முறையை அங்கே நடத்தினார். 1811இல் திருச்சபைக்காகத் தோன்றிய தேசியச் சங்கம் அதை 'மெட்ராஸ் முறை' என்றே பரப்பியது. ஒரே ஆசிரியர் எல்லா வரிசைகளையும் கண்காணிக்க வேண்டும். குறுக்குச் சுவர் எழுப்ப முடியாது.

பள்ளிகளுக்கு அரசு உதவிப்பணம் தருவதற்கான 1871இன் மானிய விதி, பிள்ளைக்கு 8 சதுர அடி தரையும் 80 கன அடி இடமும் கேட்டது. 60 பேருக்கு 30 அடிக்கு 16 அடிக் கூடம் போதும். ஆனால் அடைத்த அறையில் 80 கன அடிக் காற்று கால் மணி நேரத்திலேயே புழுங்கிவிடும். உயரக் கூரை இங்கேதான் உதவுகிறது. கணப்பும் உடல் வெப்பமும் சூடாக்கிய காற்று மேலேறி முகட்டுத் துவாரம் வழியே வெளியேற, சுவர்த் துளைகளிலிருந்து புதுக்காற்று நுழைகிறது. சன்னலின் அடிவிளிம்பு பிள்ளைகளின் தலைக்கு மேலே. வேடிக்கை பார்க்க முடியாது. மேல்விளிம்பு உயர உயர வெளிச்சம் அறைக்குள் ஆழமாகப் போகும்.

இதற்கு ஒரு விலை உண்டு. கூடம் திறந்திருக்க, கைமரங்களின் கால்களைப் பிணைக்கும் குறுக்கு உத்தரத்தை விட்டுவிட்டு, உயரே மட்டும் ஒரு குறுக்கு மரச்சட்டம் வைத்தார்கள். அதனால் கூரை சுவரை வெளியே தள்ளும். அதைத் தாங்கத்தான் முட்டுச்சுவர்கள். தாங்காத இடத்தில் சுவர் சாயும், முக்கோணச் சுவர் சேரும் மூலையில் விரிசல் மேல்நோக்கி அகலும். இரும்புக் கம்பியால் இரு பக்கச் சுவர்களையும் இழுத்துக் கட்டுவது பழைய வைத்தியம்.

பிற்காலத்தில் சூட்டைச் சேமிக்கத் தாழ்வான பொய்க்கூரை அடித்து, துவாரங்களை அடைத்ததுதான் பெருந்தவறு. ஈரம் மேலே தேங்கிக் கைமரம் உளுத்துப்போகிறது. தரையடிக் காற்றுத் துளைகளை மண் மூடினால் பலகைத் தரைக்கும் அதே கதி.

அடுத்த தவறு, கற்களுக்கு இடையிலான மூட்டுகளில் சிமெண்ட் பூசுவது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை மூட்டு வழியே வெளியே விடும்; சிமெண்ட் விடாது. ஈரம் கல்லில் தங்கி, உறைபனியில் விரிந்து, கல்முகத்தைச் செதிலாக உதிர்க்கும். சிமெண்டை உளியால் எடுக்க வேண்டும். வெட்டும் இயந்திரம் கல்விளிம்பைச் சிதைத்துவிடும். மூட்டின் அகலத்தைப் போல் இருமடங்கு ஆழம் சுரண்டி, நனைத்து, 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு மணல் கலந்து நிரப்பி, ஈரச் சாக்கால் மூடி வையுங்கள். 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர் இறங்கும் நாட்களில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.