இளமையைப் பாராட்ட ஸ்பானிய மொழியில் எந்த வினை?

ஸ்பானிய மொழி கற்றுவரும் வாசகர் ஒருவர், அறுபதாவது பிறந்தநாளைக் கொண்டாடிய தம் ஆசிரியையிடம் "மிகவும் இளமையாக இருக்கிறீர்கள்" என்ற பொருளில் "எரெஸ் முய் ஹோவென்" என்று மனதாரச் சொல்ல, அவர் சிரித்துவிட்டு "எஸ்தாஸ் முய் ஹோவென்" என்று திருத்தியதாகவும், ஒரு வினைச்சொல் மாறியதால் என்ன வேறுபாடு வந்துவிட்டது என்றும் கேட்டு எழுதியிருக்கிறார்.

'இருத்தல்' என்பதற்கு ஸ்பானிய மொழியில் செர், எஸ்தார் என இரண்டு வினைகள் உண்டு. எரெஸ் என்பது செரின் முன்னிலை வடிவம். எஸ்தாஸ் என்பது எஸ்தாரின் முன்னிலை வடிவம். நிலையான பண்புக்குச் செர், தற்காலிக நிலைக்கு எஸ்தார் என்று தொடக்கநிலைப் பாடநூல்கள் சொல்லிக்கொடுக்கும் விதி நெடுந்தூரம் தாங்காது. ஒருவர் இறந்துவிட்டார் என்பதைச் சொல்ல ஸ்பானியர் "எஸ்தா முவெர்தோ" என்று எஸ்தாரைத்தான் பயன்படுத்துகிறார்கள்; இறப்பைவிட நிலையானது வேறு எது?

சுவீடனைச் சேர்ந்த மொழியியலாளர் யோகான் ஃபால்க், பெயரடைகளோடு இவ்விரு வினைகளும் வரும் முறையை ஆராய்ந்து 1979இல் வெளியிட்ட நூலில் இதைவிடத் தெளிவான விளக்கம் ஒன்றைத் தந்தார். ஒருவரை எந்த அளவுகோலோடு ஒப்பிட்டுப் பேசுகிறோம் என்பதே அதன் சாரம். செர் அவரைப் பொது அளவுகோலில், அதாவது பிறரோடு ஒப்பிட்டு நிறுத்துகிறது. எஸ்தார் அவரை அவரோடே, அவரிடம் நாம் வழக்கமாகக் காண்பதோடும் எதிர்பார்ப்பதோடும் ஒப்பிடுகிறது. ஆகவே அறுபது வயதானவரிடம் "எரெஸ்" என்றால், அவர் உண்மையிலேயே வயதில் சிறியவர் என்றாகிவிடும். அது பொய் என்பது கேட்பவருக்கும் தெரியும். "எஸ்தாஸ்" என்றால், இந்த வயதில் எதிர்பார்ப்பதைவிட இளமை உங்களிடம் தெரிகிறது என்று பொருள். அப்படிச் சொல்பவர் எதிரில் இருப்பவரை இப்போது, கண்ணாரப் பார்த்திருக்க வேண்டும். பாராட்டின் நேர்மை தொனியில் மட்டுமன்றி இலக்கணத்திலேயே பதிவாகிவிடுவதுதான் என்னை மிகவும் வியக்கவைக்கிறது.

தமிழர்களுக்கு இது அவ்வளவு அந்நியமானதும் அன்று. "தேநீர் நல்லது" என்பது தேநீர் என்ற பொருளைப் பற்றிய பொதுக்கருத்து. "தேநீர் நன்றாக இருக்கிறது" என்பதோ குடித்துப் பார்த்தவர் சொல்வது. முதலாவதற்கு நாம் வினையே சேர்ப்பதில்லை, ஸ்பானியர் செர் சேர்க்கிறார்கள். இரண்டாவதற்கு நாம் 'இரு' என்கிறோம், அவர்கள் எஸ்தார் என்கிறார்கள். எஸ்தாரின் மூலமான லத்தீன் வினைக்கு 'நிற்றல்' என்று பொருள். நாம் வடமொழி வழியாகப் பெற்ற ஸ்தானம் என்ற சொல்லும் அதே தொல்வேரில் பிறந்தது.

ஆனால் இந்த ஒப்புமையை நம்பி, சமைத்துப் போட்டவரையே, "நன்றாக இருக்கிறாய்" என்ற பொருளை எண்ணி "எஸ்தாஸ் புவெனா" என்று பாராட்டிவிடக் கூடாது. ஆளைக் குறித்து வரும்போது அது உடற்கவர்ச்சியைச் சுட்டும் கொச்சையான பேச்சு. உணவைப் பற்றி "எஸ்தா புவெனீசிமா" என்றால் பொருத்தமாக இருக்கும். ஒருவருடைய தாராள மனத்தைப் பாராட்ட வேண்டுமானால் "எரெஸ் முய் ஹெனெரோசா" என்று செரையே நாட வேண்டும், ஏனெனில் அது ஒருநாள் தோற்றத்தைப் பற்றியதன்று.

மக்கள் அன்றாடம் பேசுவதைப் பொறுமையாகத் திரட்டிச் செய்யும் ஆய்வே இத்தகைய நுட்பங்களை வெளிக்கொணரும். கருவிகள் நிறைந்த ஆய்வகங்களுக்கு எளிதாகக் கிடைக்கும் நிதி, தமிழ்ப் பேச்சுவழக்கைப் பதிவுசெய்து ஆராயும் பணிக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகர் அடுத்து எதிர்கொள்ளப்போவது பதிலைத்தான். ஸ்பெயினில் ஒருவருடைய சட்டையைப் பாராட்டினால், நன்றி சொல்வதற்கு மாறாக "அப்படியா, உனக்குப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்பவர்களும் உண்டு. அது மறுப்பன்று, "தே கேதா முய் பியென்", உனக்கு மிகவும் பொருத்தமாக இருக்கிறது, என்று இன்னொரு முறை சொல்வதற்கான இடம்.