நூலகத்துல ஒத்தை ஆளா வேலை பாக்கறீங்களா? உங்களுக்கு சட்டம் என்ன குடுக்குதுன்னு தெரிஞ்சுக்கங்க

எங்க பெரியம்மா பொண்ணு ஒருத்தங்க ஈரோடு மாவட்டம் கோபிக்கு அக்கட்டால ஒரு ஊர்ல நூலகரா இருக்காங்க. கிளை நூலகம்னு போர்டு இருக்கு, ஆனா ஆளு அவங்க ஒருத்தர்தான். கதவு தொறக்கறது, கூட்டறது, பேப்பர் எடுத்து வெக்கறது, புஸ்தகத்தை பதிவு போடறது, சந்தா வாங்கறது, பொழுதோட லைட்டை அணைச்சு பூட்டு போட்டு சாவிய பையில போட்டுட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடக்கற வரைக்கும் எல்லாமே அக்காதான். போன வருசம் ஒரு ஆளு தினமும் சாயங்காலம் வந்து பேப்பரை விரிச்சு வெச்சுட்டு அதைப் படிக்காம அக்காவையே பாத்துட்டு உக்காந்திருப்பான், எல்லாரும் போனாலும் எந்திரிக்க மாட்டான், போன் நம்பர் கேட்டான், இல்லீங்கன்னு சொல்லியும் மறுநாளும் கேட்டான், ஒரு நாள் பூட்டற நேரத்துல வாசப்படில நின்னுட்டு வழியே விடல. மேலதிகாரிங்ககிட்ட சொன்னதுக்கு வந்த பதில், "ஆளு பத்தலீங்கம்மா, பொது இடம், வர்றவங்களை தடுக்க முடியாது, நீங்களே பக்குவமா பாத்துக்கங்க."

அந்த பதில் தப்புங்க. சொன்னவங்க கெட்டவங்கன்னு நான் சொல்ல வரல, ஆனா சட்டப்படி அது தப்பு. அக்காவுக்கும் அது தப்புன்னு தெரியல, எனக்கும் தெரியல, தேடிப் படிச்சதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. அதனாலதான் இதை எழுதறேன்.

2013ல வந்த பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், எல்லாரும் போஷ் ஆக்ட்னு சொல்றது, அதுல 19ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. வேலைக்கு வெச்சிருக்கறவங்களோட கடமை என்னென்னன்னு சொல்ற பிரிவு அது. அதுல மொதல் கடமையே பாதுகாப்பான வேலை சூழல் குடுக்கறதுதான், அதோட நிக்காம, வேலை எடத்துக்கு வந்து போறவங்ககிட்ட இருந்தும் பாதுகாப்பு குடுக்கோணும்னு தெளிவாவே எழுதியிருக்கு. இந்த வரிதான் முக்கியம். நெறைய பேரு இந்த சட்டம் ஆபீசர், கூட வேலை பாக்கறவங்க தொந்தரவு பண்ணா மட்டுந்தான்னு நெனச்சுட்டு இருக்காங்க. நூலகத்துக்கு யாரு வந்து போறாங்க? வாசகர், பேப்பர் போடறவரு, புஸ்தகக் கட்டு எறக்கற வண்டிக்காரரு, கரெண்ட் ரிப்பேருக்கு வர்றவரு. இவங்கள்ல யாரால தொந்தரவு வந்தாலும் "நீங்களே பாத்துக்கங்க"ன்னு சொல்லிட்டு நிர்வாகம் ஒதுங்க முடியாது. அதே பிரிவுல இன்னொண்ணும் இருக்கு, தப்பு பண்ணவன் ஊழியரா இல்லாம வெளி ஆளா இருந்தாலும், அந்தப் பொண்ணு விருப்பப்பட்டா அவன் மேல கிரிமினல் நடவடிக்கை எடுக்க வெக்கறது நிர்வாகத்தோட கடமை. போலீசுக்கு போறேன்னு அவங்களே சொன்னா அதுக்கு ஒத்தாசை பண்றதும் கடமை.

இந்த சட்டம் எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா தனியா வேலை பாக்கறவங்களுக்கு இது எவ்வளவு சொந்தம்னு புரியும். ராஜஸ்தான்ல பன்வாரி தேவின்னு ஒரு அம்மா, அரசாங்கத்தோட பெண்கள் மேம்பாட்டு திட்டத்துல கிராமத்துக்கு ஒரு ஆளா வேலை பாத்தவங்க. குழந்தைக் கல்யாணத்தை தடுக்கப் போனதுக்கு 1992ல கூட்டு பாலியல் வன்கொடுமை பண்ணிட்டாங்க. ஆபீஸ் வேலையே அவங்களுக்கு கெடையாது, வேலை எடமே ஊருதான். அந்தக் கொடுமையை முன்வெச்சு பெண்கள் அமைப்புங்க சுப்ரீம் கோர்ட்டுக்கு போய், 1997 ஆகஸ்ட்ல விசாகா தீர்ப்பு வந்துச்சு, அதுல இருந்துதான் 2013ல இந்த சட்டமே வந்துச்சு. அதாவது ஒத்தையா ஊருக்குள்ள வேலை பாத்த ஒரு பொம்பளையோட ரத்தத்துல இருந்து வந்த சட்டம் இது, இதைப் படிக்கறப்ப எனக்கு நெஞ்சு கனத்துப் போச்சு.

யாருக்கெல்லாம் இது பொருந்தும்னு கேட்டா, பர்மனென்ட் ஆளுக்கு மட்டும் இல்லீங்க. தற்காலிகம், தினக்கூலி, கான்ட்ராக்ட், டிரெயினிங்ல இருக்கறவங்க, சம்பளமே வாங்காம தொண்டா வந்து வேலை செய்யறவங்க வரைக்கும் ஊழியர்ங்கற வார்த்தைக்குள்ள வர்றாங்க. ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம், அண்ணா மறுமலர்ச்சி திட்டத்துல பஞ்சாயத்துக்கு ஒண்ணுன்னு கட்டுன நூலகம், எல்லா எடத்துலயும் குறைஞ்ச பணத்துக்கு உக்காந்திருக்கற அக்காமாரும் அம்மாமாரும் இதுக்குள்ளதான். "நான் ரெகுலர் இல்லீங்க, நான் எப்புடி கேக்கறது"ன்னு தயங்க வேண்டாம். படிக்க வர்ற காலேஜ் புள்ளைக்கு அங்க தொந்தரவு நடந்தாலும் இந்த சட்டம் பேசும், ஏன்னா பாதிக்கப்பட்டவங்க அங்க வேலை பாக்கறவங்களா இருக்கோணும்னு கட்டாயம் இல்ல.

இப்ப எங்க போறதுங்கற விசயம். 10 பேரு அல்லது அதுக்கு மேல வேலை பாக்கற நிர்வாகத்துல உள்ளக புகார் குழு இருந்தே ஆகோணும், தலைவி ஒரு பொம்பளையா இருக்கோணும், பாதிக்குக் குறையாம பொம்பளைங்க இருக்கோணும், வெளில இருந்து ஒருத்தர் இருக்கோணும். உங்க கிளையில நீங்க ஒருத்தர்தான்னாலும் நிர்வாகம் மாவட்ட அளவுல இருக்கறதால மாவட்ட நூலக ஆபீஸ்ல உங்களுக்கான குழு எதுன்னு எழுதிக் கேளுங்க. கூட வேலை பாக்கற ஆளோ, இன்ஸ்பெக்சன் வர்றவரோ தொந்தரவு பண்ணா புகார் அங்க போகோணும். 10 பேருக்குக் கீழ இருக்கறதால குழுவே இல்லைன்னாலோ, புகாரே முதலாளி மேலன்னாலோ, மாவட்டத்துல உள்ளூர் புகார் குழு இருக்கு, அங்க போகலாம். ட்ரஸ்ட் நடத்தற வாசகசாலை, கோயில்ல இருக்கற நூலகம், ரெண்டு பேரு வெச்சு நடத்தற தனியார் ஸ்டடி சென்டர், இங்கெல்லாம் 10 பேருக்குக் கீழ வேலை பாத்தா இந்த உள்ளூர் குழுதான் வாசல். கலெக்டர் ஆபீஸ்ல மாவட்ட சமூக நல அலுவலகத்துல கேட்டா விவரம் கெடைக்கும். சத்தியமங்கலம் மலை மேல இருக்கறவங்க ஈரோடு வரைக்கும் போய் வர ஒரு நாளே போயிரும், அதுக்குத்தான் தாலுக்கா, ஒன்றியம், நகராட்சி வாரியா ஒரு நோடல் ஆபீசர் இருக்கோணும்னு சட்டத்துல வெச்சிருக்காங்க, அவரு புகாரை வாங்கி 7 நாளைக்குள்ள குழுவுக்கு அனுப்போணும். இதெல்லாம் பல மாநிலத்துல பேப்பர்லயே கெடந்ததால 2024 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு தேதி குறிச்சு எல்லா மாவட்டத்துலயும் ஆள் போடச் சொல்லிருச்சு. ஆன்லைன்ல ஷீ-பாக்ஸ்னு மத்திய அரசோட போர்ட்டலும் இருக்கு.

திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கற கூட்டத்துல குடுத்துரலாம்னு சிலர் நெனப்பாங்க. குடுக்கலாம், ஆனா அங்க பத்து கை மாறும், எல்லாரும் படிப்பாங்க. சட்டத்துல உங்க பேரு, விலாசம், புகார்ல இருக்கறது எதையும் வெளில விடக் கூடாதுன்னு 16ஆவது பிரிவு இருக்கு, அந்தப் பாதுகாப்பை நாமளே ஏன் விடோணும், கவர்ல போட்டு ஒட்டி குழுத் தலைவி பேருக்கு எழுதிக் குடுங்க.

கெடு முக்கியம், இதுலதான் நெறைய பேரு கோட்டை விடறாங்க. நடந்த நாள்ல இருந்து 3 மாசத்துக்குள்ள எழுத்துல குடுக்கோணும், தொடர்ந்து நடந்துட்டு இருந்தா கடைசியா நடந்த நாள்ல இருந்து 3 மாசம். குடுக்க முடியாத நெலமை இருந்துச்சுன்னா குழு இன்னொரு 3 மாசம் வரைக்கும் நீட்டிக் குடுக்கலாம். ஆறு காப்பி, சாட்சி இருந்தா அவங்க பேரு விலாசம். எழுத வரலைன்னா எழுதிக் குடுக்க ஒத்தாசை பண்ண வேண்டியதும் குழுதான். விசாரணை 90 நாளைக்குள்ள முடியோணும், ரிப்போர்ட் 10 நாளைக்குள்ள வரோணும், அது மேல நடவடிக்கை 60 நாளைக்குள்ள. விசாரணை நடக்கறப்ப எழுதிக் கேட்டா உங்களையோ அந்த ஆளையோ வேற எடத்துக்கு மாத்தவோ, உங்களுக்கு 3 மாசம் வரைக்கும் லீவு குடுக்கவோ குழு சொல்லலாம், அந்த லீவு உங்க வழக்கமான லீவுல கழியாது. நிரூபிக்க முடியலைன்னா நம்ம மேலயே திரும்பிருமோன்னு பயம் இருக்கும், அக்காவுக்கும் இருந்துச்சு. நிரூபிக்க முடியலைங்கறதுக்காக மட்டும் புகார் குடுத்தவங்க மேல நடவடிக்கை எடுக்கக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு.

ஆனா அக்கா விசயத்துல அந்த ஆளு ஊழியரே கெடையாது, வெறும் வாசகன். அவனைக் குழு என்ன பண்ணும், சஸ்பெண்டா பண்ண முடியும்? அங்கதான் போலீசு. 1998ல வந்த தமிழ்நாடு பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டம் இருக்கு, பயமோ வெக்கமோ சங்கடமோ வர்ற மாதிரி அநாகரிகமா நடந்தாலே அதுல வரும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்கு பதிலா 2024 ஜூலை 1ல இருந்து நடைமுறைல இருக்கற பாரதிய நியாய சன்ஹிதால 75ஆவது பிரிவு பாலியல் தொந்தரவு, 78 வேண்டாம்னு சொல்லியும் பின்னாடியே வர்றது, 79 பேச்சாலயும் சைகையாலயும் அவமானப்படுத்தறது. இந்த மாதிரி புகாரை பொம்பளை போலீசுதான் எழுதி வாங்கோணும். எந்த ஸ்டேசன் எல்லைன்னு கவலைப்பட வேண்டாம், எங்க குடுத்தாலும் வாங்கோணும், எஃப்ஐஆர் காப்பி காசு இல்லாம தரோணும். எஃப்ஐஆர் போடாம, புகாரை வாங்கிட்டோம்னு குடுக்கற வெறும் சிஎஸ்ஆர் ரசீதோட அனுப்பிட்டாங்கன்னா எஸ்பிக்கு தபால்ல எழுதலாம்.

ஆம்பளைங்களும் ஒத்தையா இருக்கறாங்க, அதையும் சொல்லியாகோணும். தண்ணியப் போட்டுட்டு வந்து கலாட்டா பண்றது, லேட் ஃபைன் கேட்டதுக்கு சட்டையப் புடிக்கறது, நானே பாத்திருக்கேன். போஷ் ஆக்ட் பொம்பளைங்களுக்கு மட்டுந்தான். ஆனா அரசு சம்பளத்துல வேலை பாக்கறவரை வேலை செய்ய விடாம தாக்குனா நியாய சன்ஹிதா 132, ரெண்டு வருசம் வரைக்கும் ஜெயில். தடங்கல் பண்றதுக்கு 221. இது ரெண்டும் ஆம்பளை பொம்பளை எல்லாருக்கும்.

அவசரத்துக்கு 112. பொம்பளைங்களுக்கு 181, ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க. காவல் உதவி ஆப்ல சிவப்பு பட்டன் அமுத்துனா நீங்க இருக்கற எடம் கண்ட்ரோல் ரூமுக்கு போயிரும், இன்னிக்கே போட்டு வெச்சுக்கங்க. வக்கீல் வேணும்னா பொம்பளைங்களுக்கு வருமானக் கணக்கே பாக்காம மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுல இலவசம், நம்பர் 15100.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமாப் படற விசயம். ஒண்ணு நடந்ததுக்கு அப்புறம் புகார் குடுக்கறதை விட, நடக்கறதுக்கு முன்னாடியே ஏற்பாடு கேட்டு எழுதறது நல்லது. வாயில சொன்னா அது காத்தோட போயிரும். அக்கா எழுதுனது இவ்வளவுதான்: "ஐயா, நான் இந்த நூலகத்தில் மாலை நேரம் தனியாகப் பணியில் இருக்கிறேன். கீழ்க்கண்ட நான்கு தேதிகளில் இன்னின்னது நடந்தது. 2013 சட்டம் பிரிவு 19ன்படி பாதுகாப்பான பணிச்சூழல் ஏற்படுத்தித் தர வேண்டுகிறேன்." கீழ என்னென்ன வேணும்னு எழுதுனாங்க, வாசல்ல ஒரு லைட்டு, கேமரா, மூடற நேரத்துக்கு ஒரு துணை ஆளு, தொந்தரவு பண்றவங்களை உள்ள விடாம இருக்க எழுத்துல ஒரு அதிகாரம், புகார் குழு உறுப்பினர் பேரும் நம்பரும் நோட்டீஸ் போர்டுல. கடைசியா சொன்னதை ஒட்டி வெக்கறது நிர்வாகத்தோட கடமைன்னு அதே 19ல இருக்கு, நாம கேக்கறது சலுகை இல்ல. ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பி ரசீதை பத்திரமா வெச்சாங்க.

காசு இல்லைன்னு சொன்னா, நாம எல்லாரும் சொத்து வரியோட ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி கட்டறோம்ங்கறதை ஞாபகப்படுத்துங்க. 1948ல சுதந்திர இந்தியாலயே மொதல்ல நூலகச் சட்டம் போட்ட மாகாணம் நம்முது, அப்பவே இந்த வரியும் வந்துருச்சு. புஸ்தகத்துக்கும் கட்டடத்துக்கும் அந்தக் காசு போகுதுன்னா, அந்தக் கட்டடத்துல உக்காந்திருக்கற ஆளுக்கு ஒரு பல்பு மாட்டவும் போகோணும்.

கடுதாசி போயி இருபது நாள்ல லைட்டு வந்துச்சு. ஸ்டேசன்ல அந்த ஆளைக் கூப்புட்டு எழுதி வாங்குனாங்க, அப்புறம் அவன் வரல. மேசைய சுவத்து ஓரத்துல இருந்து கதவைப் பாத்த மாதிரி மாத்திப் போட்டோம், முன்னாடி யாராவது வாசலை அடைச்சா அக்கா உள்ள மாட்டிக்கற மாதிரி இருந்துச்சு, இப்ப மேசையும் கதவும் பக்கத்துலயே. வாசகர் வட்டத்துல இருக்கற ரிட்டயர்டு வாத்தியார் ரெண்டு பேரு மூடற வரைக்கும் இருந்துட்டு போறாங்க. பூட்டுனதும் அக்கா எதுத்தாப்புல இருக்கற பேக்கரி அண்ணனுக்கு ஒரு மிஸ்டு கால் குடுப்பாங்க, நேரம் தாண்டி பத்து நிமிசம் ஆகியும் கால் வரலைன்னா அவரே கடைப் பையனைக் கூட்டிட்டு போய் பாத்துருவாரு. கேமராவும் துணை ஆளும் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல. அடுத்த வாரம் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்துல (ஆர்டிஐ) மனு போடறோம், 30 நாள்ல பதில் தரோணும்.