எது வள்ளம், எது நட்சத்திரம்?

முட்டம் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறைமேல் ராத்திரி உட்கார்ந்தால், தூரத்தில் தெரிவது வள்ளத்து வெளிச்சமா, கடலுக்குள் இறங்கும் நட்சத்திரமா என்று சட்டெனச் சொல்ல முடியாது. போன மாசியில் அக்கா மகன் கேட்டான், "மாமா, இதுல எது வள்ளம்?" பத்து நிமிஷம் பாரு மக்கா, மற்ற புள்ளிகளோடு சேராமல் எது தனியாக விலகுதோ அதுதான் வள்ளம் என்றேன்.

சிறுகோளைப் பிடிப்பதும் இதே வேலைதான். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றும் லட்சக்கணக்கான பாறைகளில் பெரும்பாலானவை, தொலைநோக்கியில் பார்த்தாலும் வெறும் புள்ளிதான். அதனால் வானத்தின் ஒரே துண்டை இடைவெளி விட்டுப் பல முறை படம் எடுத்து ஒப்பிடுவார்கள்; நட்சத்திரமெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க, ஒன்று மட்டும் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும். நம் வானத்தில் சூரியனுக்கு நேர் எதிரே வரும் நாட்களில் அது ஒரு நாளில் நகர்வது ஏறத்தாழ கால் டிகிரி, முழுநிலவின் அகலத்தில் பாதி.

நம்ம காவலூர் வானாய்வகத்தில் 1988 பிப்ரவரி 17 அன்று வானியலாளர் ராஜமோகன் அப்படி ஒன்றைக் கண்டுபிடித்தார். முதலில் கிடைத்தது பெயர் இல்லை, 1988 டிக்யூ1 என்ற தற்காலிக அடையாளம். வருஷத்தை 24 அரை மாதங்களாகப் பிரித்து ஆங்கில எழுத்து கொடுப்பார்கள், 'டி' என்றால் பிப்ரவரி பிற்பாதி. அடுத்து வரும் 'க்யூ1', அந்த அரை மாதத்தில் இது 41-ஆவது என்று சொல்கிறது (25 எழுத்து ஒரு சுற்று முடிந்து, அடுத்த சுற்றில் 16-ஆவது; 'ஐ' எழுத்து 1 மாதிரி தெரியும் என்பதால் சேர்ப்பதில்லை).

அப்புறம் காத்திருப்புதான். சில ராத்திரிப் படங்களை மட்டும் வைத்துப் பாதை போட்டால் அடுத்த வருஷம் எங்கே தேடுவது என்றே தெரியாது, பாறை தொலைந்துபோகும். பல வருஷம் திரும்பத் திரும்பப் பார்த்துப் பாதை உறுதியான பிறகே நிரந்தர எண் வரும். இதற்கு 4130 கிடைத்தது. பெயர், ராமானுஜன்.

என்ன பெயர் என்று பாறையைக் கண்டுபிடித்தவர் சொல்லலாம், சர்வதேச வானியல் ஒன்றியத்தின் குழு சம்மதிக்க வேண்டும். ஆங்கிலத்தில் 16 எழுத்துக்குள் இருக்கணும். அரசியல்வாதி என்றால் இறந்து 100 வருஷம் ஆகியிருக்கணும். ஒருவர் தன் பூனை பெயரை வைத்துவிட்டார், மிஸ்டர் ஸ்பாக் என்று. அதற்குப் பிறகு செல்லப்பிராணிப் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காசு வாங்கிக்கொண்டு பெயர் வைத்ததாகச் சான்றிதழ் தருகிறவர்கள் கதை வேறு, அந்தப் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறாது.

"அப்ப நான் கண்டுபிடிச்சா எம் பேரு வைக்கலாமா மாமா?"

சொந்தப் பெயர் கூடாது, வேணும்னா உங்க அம்மா பேரு வை என்றேன். அவன் தன் அம்மா பெயரை ஆங்கிலத்தில் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தான்.