சிலிண்டர் இருந்தது, சாவி இல்லை

மின்சாரம் போனதும் ஆக்சிஜன் செறிவூட்டி நீளமாக ஒரு முறை அலறிவிட்டு அடங்கியது. அன்று செவிலியராக நான் அந்த வீட்டுக்குப் போனது, அங்கிருந்த அம்மாவின் காலில் இருந்த புண்ணுக்குக் கட்டு மாற்றத்தான். அவருக்கு நாட்பட்ட நுரையீரல் நோய். நாளில் பதினாறு மணி நேரம் அந்த இயந்திரத்தின் துணையோடுதான் மூச்சு. கட்டில் விளிம்பில் முன்னால் சாய்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, இழுத்து இழுத்து மூச்சுவிடத் தொடங்கினார்.

"கவலை இல்லை சிஸ்டர், மாற்று சிலிண்டர் வாங்கி வைத்திருக்கிறேன்" என்றார் மகன்.

உண்மைதான், வைத்திருந்தார். பின்னறையில், எதிர்ச்சுவரை ஒட்டி. கதவுக்கும் அந்தச் சுவருக்கும் இடையில் இடுப்பு உயரத்துக்கு அட்டைப் பெட்டிகள். கைபேசியைப் பல்லில் கடித்து வெளிச்சம் காட்டியபடி அவர் ஒவ்வொன்றாக எடுத்துத் தர, நான் வாங்கி நடையில் அடுக்கினேன். தண்ணீர் போத்தல்கள், கழிப்பறைத் தாள், மெழுகுவர்த்தி, டின் உணவு, முகக்கவசம், அடுப்புக்குக் கரி. எல்லாமே அவசரத்துக்கு என்று வாங்கியவை. சிலிண்டர் வெளியே வந்தது. அதைத் திறக்கும் சாவி வரவில்லை. "பத்திரமாகத்தான் வைத்தேன்" என்று மூன்று முறை சொன்னார். பத்திரமாக வைத்த பொருளைத் தேடிய அனுபவம் எல்லோருக்கும் உண்டு. கடைசியில் நூலும் ஊசியும் போட்டு வைத்த டப்பாவுக்குள் அது கிடைத்தது. விளக்கு அணைந்து பதினான்கு நிமிடம் ஆகியிருந்தது. அம்மாவின் விரலில் மாட்டிய கருவி இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 81 சதவீதம் என்று காட்டியது. அது மெல்ல ஏறி 90ஐத் தொடும்வரை நாங்கள் மூவரும் பேசவில்லை.

வருமுன் காப்போம் என்று சொல்வதில் நம்மில் யாரும் குறைவைப்பதில்லை. வந்தபின் எங்கே வைத்தோம் என்று தேடுவதிலும்தான்.

வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியர் நான். புதிதாக ஒரு வீட்டுக்குப் போனால் ஒரு சின்னச் சோதனை வைப்பேன். கண்ணை மூடிக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே, டார்ச் எங்கே, இன்று இரவு போட வேண்டிய மாத்திரை எங்கே, வாசல் சாவி எங்கே என்று கைநீட்டிக் காட்டச் சொல்வேன். எழுந்து நடக்கச் சொல்வதில்லை. விழுந்தால் கட்டுப் போடுவதும் நான்தானே. ஒரே வீட்டில் கணவர் ஒரு திசையையும் மனைவி வேறொரு திசையையும் காட்டுவார்கள். கண்ணைத் திறந்து பார்த்தால் டார்ச் மூன்றாவது ஓர் இடத்தில், உள்ளே பேட்டரி கசிந்து வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும்.

அதனால், அவசரத் தேவைக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று யாராவது பட்டியல் கேட்டால், முதலில் வெளியேற்ற வேண்டியவற்றைத்தான் சொல்கிறேன். கேட்டவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். கடைக்குப் போவது எளிது. பரணில் ஏறுவதுதான் கடினம்.

தவறி விழுவதால் உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எதிர்பாராத காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். நான் பார்க்கும் இடுப்பெலும்பு முறிவுகளுக்குப் பின்னால் பெரிய கதை எதுவும் இருப்பதில்லை. கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு பழைய செய்தித்தாள் கட்டு, மடங்கிய மிதியடி, குறுக்கே ஓடும் ஒயர். வீடு முழுவதையும் ஒரே நாளில் ஒழிக்க முடியாதவர்கள் அந்த ஒரு வழியை மட்டும் ஒழித்தால் போதும் என்பேன். பிறகு வாசலுக்குப் போகும் வழி. தீப்பிடித்தால் வெளியே ஓட வேண்டியதும் அதே வழியில்தான்.

அடுத்தது மருந்துப் பை. அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள் இருக்கும். காலாவதியானவை ஒரு பக்கம். எனக்கு அதைவிடப் பயம், ஒரே மருந்து இரண்டு நிறுவனப் பெயர்களில் கிடப்பது. ஒரு பெரியவர் இரத்த அழுத்தத்துக்குப் பழைய அட்டையிலிருந்து ஒன்று, புதிய அட்டையிலிருந்து ஒன்று என்று இரண்டு வாரம் போட்டுக்கொண்டு, எழுந்து நின்றாலே தலைசுற்றுகிறது என்று என்னைக் கூப்பிட்டார். இரண்டும் ஒரே மருந்து. பையைக் கட்டில்மேல் கொட்டி, சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் மூலப்பெயரைப் பார்த்துப் பிரித்தோம். அரை மணி நேர வேலை. பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் மருந்தகம் இருந்தால் அங்கே கொடுப்பதே நல்லது.

குழந்தைகள் உள்ள வீட்டில் நான் குனிந்து பார்க்கும் இடம் பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழ்ப்பகுதி. மண்ணெண்ணெய், தின்னர், பூச்சிமருந்து எதையும் குளிர்பான போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைக்கு அது குளிர்பானம்தான். மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைப்பது பெரிய தவறு. திரும்பி வரும்போது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும். அப்படியே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பொத்தான் வடிவ பேட்டரிகளும் அப்படித்தான்: உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே திசுவைப் பொசுக்கத் தொடங்கிவிடும். சுத்தம் செய்யும் ஆர்வத்தில் ப்ளீச்சிங் திரவத்தோடு அமிலக் கழிப்பறைத் திரவத்தைக் கலந்து, குளோரின் வாயுவைச் சுவாசித்து இருமிக்கொண்டே கதவைத் திறந்தவரையும் பார்த்திருக்கிறேன்.

சிலரால் எதையும் தூக்கிப்போட முடியாது. இதைச் சோம்பல் என்று பிள்ளைகள் திட்டுவார்கள். பொருள்களைக் குவிக்கும் பழக்கம் ஓர் அளவைத் தாண்டினால் அதுவே ஒரு மனநலக் கோளாறு. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013இல் அதைத் தனி நோயாகவே வகைப்படுத்திவிட்டது. அம்மா ஊருக்குப் போன நேரம் பார்த்து அறையைக் காலி செய்த ஒரு வீட்டில், திரும்பி வந்தவர் எங்களையெல்லாம் வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திக்கொண்டார். ஆறு மாதத்தில் அறை முன்பைவிட நிறைந்திருந்தது. அவரை உட்கார வைத்து, அவர் கையாலேயே, ஒரு நாளைக்கு ஒரு பெட்டி என்று போவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இப்போது வாங்கலாம்.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் தண்ணீர், குறைந்தது மூன்று நாளைக்கு. நான்கு பேர் வீட்டுக்கு 48 லிட்டர். கணக்குப் போட்டுப் பார்க்கும்போதுதான் கையில் இருப்பது எவ்வளவு குறைவு என்பது உறைக்கும். தண்ணீரின் மேல் சந்தேகம் இருந்தால் குமிழி விட்டு ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள். உயர்ந்த மலைப்பகுதியில் மூன்று நிமிடம். எரிபொருள் இல்லையென்றால், மணம் சேர்க்காத 5 முதல் 6 சதவீத ப்ளீச்சிங் திரவம் லிட்டருக்கு இரண்டு சொட்டு விட்டுக் கலக்கி, அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். இந்த அளவை அந்தப் போத்தலின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். நெருக்கடியில் இணையத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

உணவைப் பொறுத்தவரை என் கருத்து கொஞ்சம் கறாரானது. தினமும் சாப்பிடாத எதையும் அவசரத்துக்கு என்று வாங்காதீர்கள். வழக்கமாக வாங்கும் தானியத்தையும் பருப்பையும் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக வாங்கி, புதியதைப் பின்னால் வைத்து, பழையதை முன்னால் தள்ளி, முன்னாலிருந்தே எடுத்துச் சமையுங்கள். அப்போது எதுவும் கெட்டுப்போகாது, எது எங்கே இருக்கிறது என்பதும் கைக்கே தெரியும். டின் உணவுகளில் உப்பு அதிகம். இதயம் பலவீனமாக இருப்பவர் மூன்று நாள் அதையே சாப்பிட்டால் கால் வீங்கி, மூச்சு வாங்கத் தொடங்கலாம். ராஜ்மாவைச் சேமித்து வைப்பவர்களுக்கு இன்னொன்று. எரிபொருளை மிச்சப்படுத்த அதை இளஞ்சூட்டில் வேக வைக்காதீர்கள். ஊற வைத்த நீரைக் கொட்டிவிட்டு, குறைந்தது பத்து நிமிடமாவது தளதளவென்று கொதித்தால்தான் அதிலுள்ள நச்சுப்புரதம் அழியும். அரைவேக்காடு, வேகாத ராஜ்மாவைவிடக் கெடுதல்.

மின்சாரம் போனால் மூடியே வைத்த குளிர்சாதனப் பெட்டி சுமார் நான்கு மணி நேரம் குளிர்ச்சியைக் காக்கும். உறைபெட்டி நிறைந்திருந்தால் 48 மணி நேரம். என்ன இருக்கிறது என்று திறந்து திறந்து பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. இன்சுலின் வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம். பெரும்பாலான வகைகள் வெயில் படாத சாதாரண அறை வெப்பத்தில் நான்கு வாரம்வரை தாங்கும்; உங்களுடையது எத்தனை நாள் தாங்கும் என்பதைப் பெட்டிக்குள் உள்ள தாளில் பாருங்கள். பனிக்கட்டியோடு ஒட்டி வைத்து உறைந்துபோன இன்சுலினை மட்டும் தூக்கிப்போட வேண்டியதுதான். அன்றாட மாத்திரைகள் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாகக் கையிருப்பில் இருக்கட்டும்.

அந்தக் கரி மூட்டையை நான் மறக்கவில்லை. கரியடுப்பையோ ஜெனரேட்டரையோ வீட்டுக்குள் வைக்கக் கூடாது, சன்னல் திறந்திருந்தாலும்தான். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், பிறகு தூக்கம். ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது ஆறு மீட்டர் தள்ளி, கதவு சன்னல்களுக்கு எதிர்ப்புறம் புகை போகும்படி இருக்க வேண்டும்.

தோட்டத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஆசை அதிகம், ஆனால் பொய் சொல்ல விருப்பமில்லை. பத்துத் தொட்டிகள் ஒரு குடும்பத்தின் பசியை ஆற்றாது. கடை மூடிக் கிடக்கும் வாரத்தில் பருப்புக்கும் டின்னுக்கும் நடுவே கொஞ்சம் பச்சை கிடைக்கும், அவ்வளவுதான். முள்ளங்கி ஏறக்குறைய ஒரு மாதத்தில் கைக்கு வரும். புதினாத் தண்டை ஒடித்துத் தண்ணீரில் வைத்தாலே வேர் விடும். தோட்டத்தால் எனக்குத் தெரிந்த பெரிய லாபம் வேறு. தினமும் காலையில் வெளியே வந்து குனிந்து நிமிர்பவர் வீட்டையும் ஒரு சுற்றுப் பார்க்கிறார். ஒழுகும் குழாய் அவர் கண்ணில்தான் முதலில் படுகிறது.

மண்ணில் டெட்டனஸ் கிருமியின் விதைத்துகள்கள் இருக்கும். கடைசி ஊசி போட்டுப் பத்து ஆண்டு தாண்டிவிட்டதா என்று தோட்டக்காரர்களிடம் கேட்டால் பெரும்பாலும் விழிப்பார்கள். கடையில் வாங்கும் உர மண் மூட்டையை முகத்தருகே வைத்துப் பிரிக்காதீர்கள்; அந்தத் தூசியில் லெஜியனெல்லா வகைக் கிருமி ஒன்று வாழ்கிறது, அது நிமோனியாவைத் தரும். லேசாகத் தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு பிரிக்கலாம். பழைய பெயின்ட் உதிரும் சுவரோரம் கீரை போட வேண்டாம்; பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். தொட்டியடித் தட்டுகளில் தேங்கும் நீரை வாரம் ஒரு முறை கொட்டி, தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை அடைய ஏழு முதல் பத்து நாள்தான் பிடிக்கும். ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது.

விளைந்ததைச் சாப்பிடுவதிலும் கவனம் வேண்டும். இதய வால்வு மாற்றி, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையில் இருந்த ஒருவர் ஓய்வுபெற்றதும் கீரைப்பாத்தி போட்டார். அமோக விளைச்சல். தினமும் இரண்டு வேளை கீரை. அடுத்த இரத்தப் பரிசோதனையில் மருந்தின் வேகம் பாதியாகக் குறைந்திருந்தது. கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். கீரையை நிறுத்தச் சொல்லவில்லை, தினமும் ஒரே அளவாகச் சாப்பிடச் சொன்னோம். "என் தோட்டத்துக் கீரை நஞ்சா சிஸ்டர்?" என்று அவர் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. முளைகட்டிய தானியத்தைப் பச்சையாகச் சாப்பிடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2011இல் ஜெர்மனியில் 50 பேருக்கு மேல் பலிகொண்ட ஈ. கோலை தொற்றுக்குக் காரணம் முளைகட்டிய வெந்தயம் என்றுதான் விசாரணை முடிந்தது. முதியவர்களும் கர்ப்பிணிகளும் வேக வைத்தே சாப்பிடட்டும்.

அந்த அம்மாவின் வீட்டுக்கு அடுத்த வாரம் போனேன். சிலிண்டர் கட்டிலின் தலைமாட்டில், சாய்ந்து விழாதபடி சங்கிலி போட்டு நின்றது. சிலிண்டரின் கழுத்தில் சிவப்புக் கயிற்றில் சாவி. பக்கத்தில் மகன் ஓர் அட்டை ஒட்டியிருந்தார்: 10 லிட்டர் சிலிண்டர், 150 பார் அழுத்தம், உள்ளே சுமார் 1,500 லிட்டர் ஆக்சிஜன், நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் பன்னிரண்டு மணி நேரம். பின்னறைப் பெட்டிகள் பாதியாகக் குறைந்திருந்தன. கட்டு மாற்றி முடிக்கும்வரை அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான் கிளம்பும்போது மட்டும், "இப்போது தையல் டப்பாவைக் காணவில்லை" என்றார்.